‘சமயம் பேசற்க’: யாருக்கான விதி?

நம்மிடையே இயங்கும் அரசியற் சங்கங்கள், மாணவர் அமைப்புகள், மொழிக் கழகங்கள் ஆகியவற்றுட் பல ஒரு விதியைப் பொதுவாகக் கைக்கொள்வதைக் காணலாம். சில சங்கங்களின் யாப்பில் அது எழுத்திலேயே உள்ளது. ஏனையவற்றில் எழுதப்படாத மரபாக நிலவுகின்றது. கூட்டங்களிற் சமயம் பற்றிய விவாதம் இடம்பெறலாகாது என்பதே அவ்விதி. இதனை வற்புறுத்துவோர் தீய எண்ணமுடையவர் என்று யான் கூறேன். மொழியாலும் அரசியல் வேட்கையாலும் ஒன்றுபட்டு நிற்போரைச் சமயம் பிரித்துவிடும். ஆதலின் அதனை அவரவர் வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் விட்டுவிட்டு வருவோம் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதம். ஆயின் அது உண்மையில் யாருடைய வாயை அடைக்கின்றது, யாருடைய வாயைத் திறந்தபடி விட்டுவிடுகின்றது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டுவிடுதல் முறை. சமயவாதம் என்பது முடிவற்றது. சபையொன்றின் வாக்கெடுப்பாலே தீர்க்கத்தக்கதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈழத்து வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்த ஆறுமுக நாவலரே 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி வெளியிட நேர்ந்தது. 1873இல் பாணந்துறையிலே பௌத்த பிக்குவாகிய குணானந்த தேரரும் கிறித்தவப் போதகர்களும் இரு நாள்கள் பெருங் கூட்டத்தின் முன்னிலையில் வாதிட்டனர். இரு தரப்பாரும் தத்தம் சமயத்தைக் காப்பதிலே காட்டிய ஊக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய வாதம் அரசியற் சபையொன்றிலே நிகழுமாயின், அச்சபை அன்றே இரண்டாகப் பிளந்துவிடும். எந்தக் கடவுள் மெய், எந்த நூல் இறைவன் வாக்கு, எந்நெறி வீடுபேற்றைத் தரும் என்பன சங்கத் தீர்மானத்துக்குரிய பொருள்களல்ல. இதுவரை எமக்குள் வேறுபாடில்லை.

வேறுபாடு அடுத்த படியிலேதான் தோன்றுகின்றது. கடவுளின் மெய்ம்மை பற்றிப் பேசற்க என்று தொடங்கும் விதி, கோயில் வாயில் பற்றிப் பேசற்க, பந்தி பற்றிப் பேசற்க, மணவயது பற்றிப் பேசற்க, மையவாடி பற்றிப் பேசற்க என விரிந்துகொண்டே செல்கின்றது. இவ்விரிவு தற்செயலானதன்று. இதனை விளங்கிக்கொள்ள, அயல்நாட்டிலே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கொள்ளப்பட்ட ஒரு பெரும் பரிசோதனையை நோக்குதல் பயன்தரும்.

இந்திய தேசியக் காங்கிரஸ் 1885இற் பம்பாயிலே கூடியது. அதன் இரண்டாவது மாநாட்டிலே தலைமை வகித்த தாதாபாய் நௌரோஜி, நாடு முழுவதற்கும் நேர்த்தொடர்புடைய வினாக்களையே காங்கிரஸ் ஆராய வேண்டும், சமூகச் சீர்திருத்தம் போன்றவற்றை அவ்வச் சமூகத்தாரிடம் விட்டுவிட வேண்டும் என்னுங் கொள்கையை வகுத்தார். 1888இல் அலகபாத்திலே கூடிய நான்காவது மாநாடு இதற்கு விதிவடிவம் தந்தது. இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஒரு தொகுதியாக நின்று, ஏகமனதாக அல்லது ஏறத்தாழ ஏகமனதாக ஆட்சேபிக்கும் எப்பொருளும் விவாதத்துக்கு எடுக்கப்படலாகாது என்பது அத்தீர்மானத்தின் சாரம். சிறுபான்மையினர் பெரும்பான்மை வாக்கினால் நசுக்கப்படாதிருத்தற்கு இது ஒரு காப்பு என்பதை மறுத்தற்கில்லை. இன்றைய நமது சங்க விதிகளைவிட அது நுட்பமானது என்றுங் கூறலாம்.

ஆயினும் அவ்விதியின் உள்ளீட்டைச் சிறிது ஊன்றி நோக்குக. ‘இந்துப் பிரதிநிதிகள் ஒரு தொகுதியாக’ என்னும்போது அத்தொகுதியில் இருந்தோர் யாவர்? வழக்கறிஞர், நிலவுடைமையாளர், பத்திரிகையாசிரியர், கல்லூரி ஆசிரியர். ஏறத்தாழ அனைவரும் உயர்சாதி ஆடவர். ஆட்சேபிக்கும் உரிமை சமயத்துக்கு வழங்கப்பட்டதாகத் தோற்றினும், உண்மையில் அது சமயத்தினுள் ஆதிக்கம் செலுத்தியோர்க்கே வழங்கப்பட்டது. பத்து வயதுச் சிறுமியொருத்தி பிரதிநிதியாகவில்லை. 1891இல் உடன்பாட்டு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை, சமயத்திலே அந்நியர் தலையீடு எனக் கூறித் திலகர் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். அச்சிறுமியின் உடம்பு பற்றிய வினா சமய வினாவாகிவிட்டமையின், அது தேசிய சபையின் வினாவாதல் இயலாதுபோயிற்று.

மகாதேவ கோவிந்த ரானடேயும் அவரைச் சார்ந்தோரும் 1887இற் சென்னையிலே சமூக மாநாட்டைத் தனியாகத் தோற்றுவித்தனர். காங்கிரஸ் முடிந்தபின் அதே பந்தலில் அது கூடுவது வழக்கமாயிற்று. அரசியலும் சமூகச் சீர்திருத்தமும் ஒரே பந்தலில், ஆனால் வெவ்வேறு நாளில் என்னும் இவ்வொழுங்கு ஏழெட்டு ஆண்டுகள் நீடித்தது. 1892இல் அலகபாத்திலே தலைமையுரை நிகழ்த்திய பொன்னர்ஜி, எம் விதவைகள் மறுமணம் செய்யாமையால் நாம் அரசியல் உரிமைக்குத் தகுதியற்றவராகி விடுவோமா எனும் கருத்துப்பட வினவினார். 1895இற் பூனாவிலே காங்கிரஸ் கூடியபோது, சமூக மாநாட்டுக்குப் பந்தலைக் கொடுத்தால் அதனைக் கொளுத்துவோம் என்ற அச்சுறுத்தல் எழுந்தது. ரானடே விட்டுக்கொடுத்து வேறிடம் சென்றார். ஒற்றுமையின் பொருட்டு வகுக்கப்பட்ட எல்லைக்கோடு, பத்தாண்டுகளுள், சீர்திருத்தம் பேசுவோரைப் பந்தலிலிருந்து வெளியேற்றும் கோடாக மாறிவிட்டமை கண்கூடு.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. சமயச் சார்புடைய சீர்திருத்த வினாக்கள் காங்கிரஸ் பந்தலுள் வரலாகாது என்று நின்ற அதே பூனாவில், அதே ஆண்டுகளில், விநாயகர் விழா தெருவிலே அரசியல் விழாவாக வளர்ந்தது. 1893இல் திலகர் அதனைப் பொதுவிழாவாக்க முன்னின்றார். அவ்வாண்டிலேயே பசுப் பாதுகாப்பை ஒட்டி வட இந்தியாவிலும் பம்பாயிலும் இந்து முஸ்லிம் கலவரங்கள் மூண்டன. காங்கிரஸிலே பங்குகொண்டோர் சிலர் பசுப் பாதுகாப்புச் சபைகளிலும் இருந்தனர். ஆனால் காங்கிரஸ் மேடையில் அது பேசப்படவில்லை. விவாதத்துக்குத் தடுக்கப்பட்ட சமயம், விவாதம் வேண்டாத ஊர்வலமாக வெளியே வந்தது. ஆராயத்தான் தடை, ஆரவாரத்துக்குத் தடையில்லை.

இப்பரிசோதனையின் கடைசி அங்கம் 1936இல் லாகூரில் நிகழ்ந்தது. சாதியை உடைத்தலையே தன் பெயராகவும் நோக்கமாகவும் கொண்ட ஜாத் பாத் தோடக் மண்டலம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகிக்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதியனுப்பிய உரையிலே சாதியின் வேர் சாத்திரங்களின் அதிகாரத்தில் உள்ளதென்றும், அவ்வதிகாரத்தைத் தகர்க்காமற் சாதியைத் தகர்த்தல் இயலாதென்றும் வாதிட்டிருந்தார். வேதங்களைப் பற்றிய அப்பகுதிகளை நீக்குமாறு மண்டலத்தார் வேண்டினர், அவர் மறுத்தார், மாநாடே கைவிடப்பட்டது. தன் செலவில் அவர் அச்சிட்ட ஆயிரத்தைந்நூறு பிரதிகளும் இரு மாதங்களுள் விற்றுத் தீர்ந்தன. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், அவரைத் தடுத்தோர் வைதிகர் அல்லர். சாதி ஒழிப்பாளர்! சாதியை எவ்வளவு வேண்டுமாயினுந் தாக்கலாம், அது தங்கியிருக்கும் தூணைத் தொடலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. முற்போக்காளர் வகுக்கும் எல்லைகளும் சிலவேளை இத்தகையன என்பதை, நம்மை முற்போக்காளர் என அழைத்துக்கொள்ளும் நாம் மறத்தலாகாது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். வாலிபர் காங்கிரஸின் வரலாறு இதற்கு மறுதலையான சான்று ஒன்றைத் தருகின்றது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய அவ்வமைப்பிலே சைவரும் கிறித்தவரும் ஒருங்கே பணியாற்றினர். ஹன்டி பேரின்பநாயகம் முதலாய அதன் முன்னோடிகள் ஒருவர் சமயத்தை மற்றவர் சோதிக்கவில்லை. ஆனால் தீண்டாமையைச் சமய வழமையென ஒதுக்கிவைக்கவும் இல்லை. சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்ணுதலை அவர்கள் தம் மாநாட்டு ஒழுங்கின் பகுதியாக்கினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமென்ற முயற்சி யாழ்ப்பாணத்திலே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அவ்வெதிர்ப்பின் நடுவே வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. அரசியல் வேறு, பந்தி வேறு என்று அவர்கள் பிரித்துப் பேசவில்லை. பின்வந்த கட்சிகள் அப்பாதையிலே தொடர்ந்து செல்லவில்லை என்பதே துயரம்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கோயிலிலோ தேநீர்க்கடையிலோ நுழையவிடாது தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் இருந்தது, நடைமுறை இருந்தபடியே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது பொலிசார் தடியடி நடத்தினர். அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். வாயிலை மறித்து நின்றோருள் முதன்மையானவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியராக விளங்கியவர், அமைச்சராக இருந்தவர், தமிழருக்குத் தனியரசு வேண்டுமென முற்காலத்திலேயே குரலெழுப்பியவர்களுள் ஒருவர். தமிழர் அனைவர்க்கும் ஒரு நாடு வேண்டுமென்றவர் தமிழர் சிலர்க்கு ஒரு கோயிற் படி தகாதென்றார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது.

அக்காலத்துத் தமிழ்ப் பெருங்கட்சி இப்போராட்டத்தின் முன்னணியில் நிற்கவில்லை. இடதுசாரிகளே, குறிப்பாக சண்முகதாசன் தலைமையிலான பொதுவுடைமையினரே அதனை முன்னெடுத்தனர். கிறித்தவராகிய செல்வநாயகத்தைச் சைவர் பெரும்பான்மையினராகிய காங்கேசன்துறைத் தொகுதி 1956 முதல் 1975 இடைத்தேர்தல் வரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. தமிழர் அரசியல் சமயங் கடந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டிப் பெருமை கொள்வது நம் வழக்கம். பெருமைக்குரியதுதான். ஆனால் மாவிட்டபுரம் அதே தொகுதியிலேதான் உள்ளது. சமயங் கடந்த அரசியல், சமயத்தின் வாயிலிலே அமர்ந்திருந்த மக்களையுங் கடந்து சென்றுவிட்டது. அரசியல் மேடைகள் பேசாததை இலக்கியமும் அரங்கும் பேசின: என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகமும், டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் அவ்வாண்டுகளின் விளைச்சலே.

இவ்விதியின் கொடிய விளைவு சாதியோடு நிற்கவில்லை. காங்கிரஸ் தன் விதியை இயற்றிய அதே 1888இல், சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன் ஆசிய கழகத்தின் இலங்கைக் கிளையிலே ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே. சமயத்தால் மட்டுமே வேறுபட்டோர் என்பது அவர் துணிபு. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையோ என்ற வினா எழுந்திருந்த காலம் அது. மறு ஆண்டே முதலாவது முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அக்கட்டுரைக்கு விரிவான மறுப்பு எழுதினார். இனவியல் ஆராய்ச்சியில் யார் சொன்னது சரி என்பது இங்கே நமது வினாவன்று. சமயம் ‘மட்டுமே’ வேறு என்னுஞ் சொல்லைக் கவனிக்க. ஒருவருடைய வாழ்வின் ஒழுங்கு முழுவதையும் தன்னுட் கொண்ட ஒன்றை, அவர் சம்மதமின்றி, மற்றொருவர் ‘மட்டுமே’ என்ற சொல்லால் ஒதுக்கிவிடுகின்றார்.

பின்னர் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடர் நம் அரசியலிலே வழக்குக்கு வந்தது. நல்ல தொடர், முஸ்லிம்களையும் மலையக மக்களையும் அணைத்துக்கொள்ள விழைந்த தொடர். ஆயினும் அணைப்பதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய வினாக்களை அத்தொடர் கேட்கவிடவில்லை. கிழக்கின் காணிகள் பற்றி, இடம்விட்டு இடம் சென்று படிப்பிக்கும் ஆசிரியர் பற்றி, ஊரெல்லைகள் பற்றி முஸ்லிம்கள் குரலெழுப்பியபோதெல்லாம், இது சமய அடிப்படையிலான பிரிவினை, மொழியால் நாம் ஒன்று என்ற விடையே பெரும்பாலும் கிடைத்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரிலே வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தோர்க்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். அவர்களும் தமிழே பேசினர். மொழி ஒன்றென்ற வாய்பாடு அவர்களைக் காக்கவில்லை. விவாதத் தடை ஒன்றே இவற்றுக்குக் காரணம் என்று யான் கூறினால் அது மிகை. போரும் படைக்கலமும் அதிகாரமும் அவற்றின் காரணங்கள். ஆனால் அவ்வாறு நிகழ்ந்தபின் நம் சபைகளிலே நிலவிய மௌனத்துக்கு, பேசற்க என்னும் பழக்கம் மிகவும் வசதியாக இருந்தது. 2018இல் திருகோணமலையிலே முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா ஆடை பற்றிப் பிணக்கு எழுந்தபோது, இரு சமூகத்தாரும் தெருவிலே கோஷமிட்டனரேயன்றி ஒரு சபையிலே அமர்ந்து பேசும் மொழியைப் பெற்றிருக்கவில்லை. எங்ஙனம் பெற்றிருப்பர்?

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. கொரோனாத் தொற்றினால் இறந்தோரைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்று 2020இல் அரசு கட்டாயப்படுத்தியது; முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரியூட்டப்பட்டன. ஈமக்கிரியை எனின் சமயத்தின் உள்ளறை. பிறர் வாய்திறக்க வேண்டாத இடம் என்று கூறியிருக்கலாம். ஆனால் 2021 பெப்ரவரியிலே பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற பேரணி, தமிழர் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் ஆகிய கோரிக்கைகளோடு இதனையும் தன் கோரிக்கையாக்கியது. முஸ்லிம்கள் வழியிலே வந்து சேர்ந்துகொண்டனர். அம்மாத இறுதியிலே அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்பட்டமைக்கு வேறு அழுத்தங்களும் காரணமாயின என்பது உண்மை. நாம் நோக்குவது அதனையன்று. சமயத்தைப் பேசினாற் பிரிவோம் என்ற அச்சம், அந்த ஐந்து நாள்களில் வீதியிலே பொய்யாயிற்று என்பதே.

அவ்வாறாயின் எல்லையே வேண்டாமா? வேண்டும். அதனை இடம் மாற்றி நாட்டவேண்டும் என்பதே என் வாதம். ஒரு கூற்றை ஏற்பதற்கு நம்பிக்கை வேண்டுமாயின் அது சபைக்குரியதன்று. கண் போதுமாயின் அது சபைக்குரியது. முருகன் மெய்யோ என்பதை ஆராயச் சங்கத்துக்கு உரிமையில்லை. மாவிட்டபுரத்து வாயில் மூடியிருந்ததா, யாருக்கு மூடியிருந்தது, யார் மூடினார் என்பதை அறியச் சைவனாக இருக்க வேண்டியதில்லை. சமயத்தின் பெயரால் ஒரு கதவு திறக்கப்படுவதும் அடைக்கப்படுவதும், காணியும் பணமும் பதவியும் வழங்கப்படுவதும் மறுக்கப்படுவதும் அரசியல். அவை பேசப்படும். பிறர் நம்பிக்கையை ஏளனஞ் செய்தலும், சபையைப் பிரசார மேடையாக்கி ஆள்சேர்த்தலும் தடுக்கப்படும். இவ்வளவே.

இக்கோடு எப்போதும் நேராக ஓடாது என்பதை யான் அறிவேன். அம்பேத்கர் எழுப்பிய இடர்ப்பாடு உண்மையானது: வாயிலை மூடுவோர், ஆகமம் அவ்வாறு விதித்துள்ளது என்று கூறின் என் செய்வது? விடை கடினமன்று. ஆகமத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவர் அவரே. சான்றாகக் காட்டப்பட்ட நூல், காட்டப்பட்ட அளவிலே ஆராயப்படும். எந்த நீதிமன்றத்திலும் அதுவே முறை. தம் நூலைப் பிறர் தொடலாகாதெனக் கருதுவோர் அதனைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்தாதிருக்கட்டும். இன்னொரு வினாவும் எழுப்பப்படுகின்றது: ஒரு சமயத்தின் உட்பூசலிலே மற்றச் சமயத்தார் தலையிடலாமா? முதலிற் பேசும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அவர் அச்சமயத்துள் இருப்பவராயின் அவர் சொல்லே முதன்மை பெறும். ஆனால் அவர் பேசியபின்னும், இது உங்கள் வீட்டு விடயம் என்று நாம் எழுந்துபோவோமாயின், நாம் காப்பது அவர் சமயத்தையன்று, அவரை ஒடுக்குவோரை. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலே திருத்தம் வேண்டுமென்று இந்நாட்டு முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். அவர்களுக்கு முன்பாக ஓடிப் பேசுவதும் தவறு. பின்னால் நிற்க மறுப்பதும் தவறு.

நண்பர் சிலர் இதனைக் கேட்டு, நம் சங்கம் சிறியது, இத்தகைய பெருவினாக்கள் இங்கே எழுவதில்லை என்பர். நாட்டின் அரசியல் யாப்பிலே பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்த 1972இன் 6ஆம் பிரிவையும் 1978இன் 9ஆம் உறுப்புரையையும் நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். அதனை விவாதத்துக்கு அப்பாற்பட்டதென்று கூறுவோரிடம், உமது சமயம் அரசின் தளபாடமாகிவிட்டமையால் உமக்கு அது தெரியவில்லை என்கின்றோம். மிகச் சரி. பெரும்பான்மையினரின் சமயம் எப்போதும் தளபாடமாகத்தான் தோன்றும். சிறுபான்மையினரின் சமயமே ‘விவாதமாக’த் தோன்றும். நம் சங்கக் கூட்டத்திலே விளக்கேற்றித் தேவாரம் பாடும்போது எவரும் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவதில்லை. அது பண்பாடு. தேவாரம் தமிழின் செல்வம் என்பதில் எனக்கு இரண்டாங் கருத்தில்லை. அதனை நிறுத்துமாறும் யான் கேட்கவில்லை. அதனைப் பாடியபின், இங்கே சமயம் இல்லை என்று கூறவேண்டாம் என்றே கேட்கின்றேன்.

இதனை யான் பிறரைக் குறைகூறும் நோக்கத்தோடு எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர், யான் மாணவனாயிருந்த காலத்தில், ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். ஆண்டு விழாவை ஒட்டி வெண்பாப் போட்டி வைத்தோம். முதற் சுற்றிலே நடுவர் வியந்து பாராட்டியது கிழக்கிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மாணவர் பாடிய வெண்பாவை. தளை தட்டாத, சொல் தேடித் திணறாத வெண்பா. இறுதிச் சுற்றுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டரை மணி குறிக்கப்பட்டது. வேண்டுமென்று குறித்ததன்று, மண்டபம் அந்நேரத்தில் ஒழிந்திருந்தது, அவ்வளவே. அம்மாணவர் பொதுக்கூட்டத்திலே எழுந்து, ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மிகப் பணிவாகவே கேட்டார். தலைவர் யாப்பைப் புரட்டி, சமய விடயங்கள் இங்கே எடுக்கப்படலாகாது என்று விதியை வாசித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. கூட்டம் தேவாரத்தோடு தொடங்கி அரை மணி நேரங்கூட ஆகியிருக்கவில்லை.

போட்டி குறித்த நேரத்தில் நடந்தது. அவர் வரவில்லை, பின்னர்ச் சங்கத்துக்கும் வரவில்லை, அவரோடு வந்துகொண்டிருந்த மூவரும் வரவில்லை. அவ்வாண்டறிக்கையிலே, உறுப்பினரிடையே ஒற்றுமை சிறந்து விளங்கியது என்று ஒரு வசனம் உண்டு. கூட்டக் குறிப்பேட்டில் அன்றைய பதிவு ஏழு வரிகள். விளக்கேற்றல், தேவாரம், சென்ற கூட்ட அறிக்கை, வரவு செலவு, போட்டிக்கான நேரம் ஏகமனதாக ஏற்கப்பட்டமை, நன்றியுரை எல்லாம் உள்ளன. அம்மாணவர் கேட்ட வினா அதில் இல்லை. அதனை விட்டுவிட்டு எழுதியவன் யானே.